மேலே தூறல், கீழே வெள்ளம்: யார்க்ஷயர் கயிற்றுக் குகைகளுக்குப் புதியவர்களை அழைத்துப் போகுமுன்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் டேல்ஸில் மழையில்லாத சனிக்கிழமைக்காகக் காத்திருந்தால், பல மாதம் கயிற்றை மூட்டையிலேயே வைத்திருக்க வேண்டியதுதான். அதனால் இங்கே யாரும் 'மழை வருமா' என்று கேட்பதில்லை. எந்த நேரத்தில், எந்த மலையில், ஏற்கெனவே எவ்வளவு ஊறிய மண்ணில் பெய்யப் போகிறது என்றுதான் கேட்கிறார்கள். இதற்குப் பதில் கிடைத்த பிறகே எந்தக் குகை என்று முடிவு செய்ய வேண்டும். குகையை முதலில் முடிவுசெய்துவிட்டு வானிலையை அதற்குள் திணிப்பதுதான் தவறுகளின் தொடக்கம். முதல்முறை கயிற்றில் இறங்கும் புதியவர்கள் கூட இருந்தால் அந்தத் தவறுக்கு விலை அதிகம்.

இங்கிள்பரோ, வெர்ன்சைடு, பெனிகென்ட் என்ற மூன்று மலைகளுக்கும் அமைப்பு ஒன்றுதான். உச்சிப் பக்கம் தண்ணீரை உள்ளே விடாத களிப்பாறையும் மணற்பாறையும். அவற்றின் மேல் பீட் என்னும் கரிமண். கீழே மேடை போட்டதுபோல் சுண்ணாம்புக்கல். மேலே பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் சிற்றோடைகளாகச் சேர்ந்து ஓடி வருகிறது. சுண்ணாம்புக்கல்லின் விளிம்பைத் தொட்டதும் கிடைத்த துளைக்குள் விழுந்துவிடுகிறது. நாம் கயிறு போட்டு இறங்குவதும் பெரும்பாலும் அதே துளைதான். குற்றாலத்தில் நிற்குமிடத்தில் வெயில் அடிக்க, மலையில் பெய்த மழை அருவியில் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வித்தியாசம் ஒன்றுதான்: குகைக்குள் இருப்பவருக்கு மலையும் தெரியாது, வானமும் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டால் அளவு புரியும். ஒரு சதுர கிலோமீட்டர் மேட்டில் 10 மி.மீ. மழை பெய்தால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். மண் ஊறிப்போயிருந்து அதில் பாதி மூன்று மணி நேரத்தில் ஓடி வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 460 லிட்டர். 200 லிட்டர் டிரம் இரண்டுக்கு மேல், ஒவ்வொரு நொடியும், கயிற்றில் தொங்குபவரின் தலைமேல் கொட்டுவதாக நினைத்துப் பாருங்கள். 10 மி.மீ. என்பது இந்தப் பகுதிக்கு அபூர்வமான மழை இல்லை.

அதனால்தான் முன்னறிவிப்பில் வரும் நாளைய மழையைவிடக் கடந்த ஐந்து நாள் மழை முக்கியம். வாரம் முழுக்கத் தூறி ஊறிய நிலத்தில் 5 மி.மீ. பெய்தாலும் ஓடை சட்டென்று ஏறும். பத்து நாள் காய்ந்த கரிமண் அதே 5 மி.மீ.-ஐக் குடித்துவிடும். ஆனால் காய்ந்த நிலம் என்று நம்பிக் கோடை இடிமழையில் இறங்கக் கூடாது. மண் குடிக்கும் வேகத்தைவிட மழை வேகமாகக் கொட்டும். முன்னறிவிப்பும் அது எந்த மலையில் விழும் என்று சொல்லாது. 'இடிமழை வாய்ப்பு' என்று ஒரு வரி இருந்தாலே ஓடைக்குகையை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். மார்ச் மாதத்தில் உச்சியில் பனி கிடக்கும்போது மெல்லிய மழையும் வெதுவெதுப்பான காற்றும் சேர்ந்து வந்தால், மழைமானியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஓடை பெருகியிருக்கும்.

பார்க்க வேண்டியவை மூன்று. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபிஸின் மணிவாரியான முன்னறிவிப்பு, மழை ராடார், சுற்றுச்சூழல் முகமையின் ஆற்று மட்ட அளவீடு. முந்தைய நாள் மாலையிலிருந்தே அந்த அளவீட்டுக் கோட்டைப் பார்த்து வந்தால், ரிபிள் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறதா, வடிந்துகொண்டிருக்கிறதா என்று தெரியும். உயரத்தைவிடக் கோட்டின் திசைதான் சேதி சொல்லும். ஆனால் ஆற்றில் ஏற்றம் தெரிவதற்கு முன்பே குகை ஓடை ஏறிவிடும். ஆறு அமைதியாக இருப்பதைக் குகைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1967 ஜூன் 24-ஆம் தேதி, கிராசிங்டனுக்கு வடக்கே உள்ள மாஸ்டேல் குகைக்குள் பத்துப் பேர் போனார்கள். நான்கு பேர் முன்னதாகவே வெளியே வந்துவிட்டார்கள். அதன் பிறகு பெய்த மழையில் ஓடை பெருகி, உள்ளே இருந்த ஆறு இளைஞர்களும் இறந்தார்கள். அது கயிற்றுக்குகை அல்ல, தாழ்ந்த நீர்வழிக் குகை, போனவர்களும் அனுபவசாலிகள். இந்தப் பகுதியில் புதியவர்களை அழைத்துப் போகிற யாரும் அந்தத் தேதியை மறந்துவிட்டுத் திட்டம் போடக் கூடாது.

குகைத் தேர்வுக்கு வருவோம். ஒரே ஒரு குகையை மனதில் வைத்துக் கிளம்பாதீர்கள். மூன்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கும் ஒரே மூட்டைக் கயிறு போதும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் காய்ந்த, மழை வராத நாளுக்கு ஆலம் பாட். செல்சைடு ஊருக்கு மேலே, வானம் தெரியத் திறந்து கிடக்கும் பெரிய கிடங்கு அது; 1847-இலேயே மனிதர் இறங்கிப் பார்த்த இடம். புதியவர்களை அழைத்துப் போகிற வழி லாங் சர்ன் குகை. ஓடையோடு நடந்து, டாலி டப்ஸ் என்ற இறக்கத்தில் கயிறு போட்டு, ஆலம் பாட்டின் வயிற்றுக்குள் இறங்கலாம். மேலிருந்து வெளிச்சம் விழ, எதிர்ச்சுவரில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கும் அந்த முதல் நிமிடம் யாரையும் குகைப் பைத்தியமாக்கிவிடும். ஆனால் திரும்பும் வழியும் அதே ஓடைதான். அது ஏறினால் முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர்.

ஈர நாளுக்கு செல் கில். ஹார்ட்டன்-இன்-ரிபிள்ஸ்டேலிலிருந்து பென்னைன் வே பாதையில் ஏறினால் வழியோரத்திலேயே இருக்கிறது. பாதையின் ஒரு பக்கம் ஓடை விழும் ஈர வாசல், மறுபக்கம் காப்ளின் ரூட் என்னும் உலர்ந்த வாசல். உலர்ந்த வழியில் மூன்று இறக்கங்கள். கயிறு தண்ணீரிலிருந்து விலகியே தொங்கும். கடைசியில் பெரிய கூடம். ஓடை மேலிருந்து அருவியாக அந்தக் கூடத்தில்தான் வந்து விழுகிறது. மழை நாளில் அருவியைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், அதற்குள் தொங்க வேண்டியதில்லை. அதற்காக எந்த மழையிலும் போகலாம் என்று அர்த்தமில்லை. இறங்குமுன் பாதையைக் கடந்து போய் ஈர வாசலைக் கண்ணால் பாருங்கள். ஓடை தன் துளையில் அடங்கி விழுகிறதா, தேங்கி நிரம்பிப் பாதைப் பக்கம் வழியப் பார்க்கிறதா? நிரம்புகிறது என்றால் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது, காஸ்டர்டன் ஃபெல் மேலுள்ள லங்காஸ்டர் ஹோல். புல்வெளி நடுவே இரும்பு மூடி. திறந்தால் முப்பது மீட்டருக்கு மேல் நேராக இறங்கும் கிணறு. 1946-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பிரிட்டனின் மிக நீளமான குகைத்தொகுதியின் ஒரு வாசல் அது. கிணற்றில் ஓடை விழுவதில்லை. மேல்தளக் கூடங்களில் சுற்றிவிட்டு வரலாம். கீழே ஓடும் முதன்மை நீர்வழியை ஈர நாளில் நெருங்கக் கூடாது. ஒரே குறை, முதல்முறை வருகிறவருக்கு அந்த உயரம் அதிகம். பயிற்சியில் தடுமாறியவரை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

'புதியவர்களுக்கு ஏற்றது' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடிய இடமும் உண்டு. காஃப் ஹோல்ஸ் இறக்கம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான், அழகான இடம். ஆனால் ஓடை முழுவதும் அந்தத் துளைக்குள்தான் விழுகிறது. பிரவுகில் குகை வழியாக வெளியேறும் பாதையில் தண்ணீருக்குள் தவழ வேண்டிய தாழ்வான பகுதியும் உண்டு. வழிகாட்டிகளில் வரும் எளிது, கடினம் என்ற தரம் சாதாரண நீர்மட்டத்துக்குச் சொன்னது. இறக்கம் குட்டையாக இருப்பதும் வெள்ளத்தில் பத்திரமாக இருப்பதும் வேறு வேறு.

அடுத்து நேரம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். எவ்வளவு சொன்னாலும் போதாது. ஐந்து பேர், அதில் மூன்று புதியவர்கள், மூன்று இறக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். கயிறு கட்டிக்கொண்டே இறங்க 2 மணி நேரம். கீழே 20 நிமிடம். ஏறி வர 2½ மணி நேரம். அனுபவசாலி 25 மீட்டரை நான்கைந்து நிமிடத்தில் ஏறிவிடுவார். புதியவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் கயிறு மாற்றிக் கோக்கும் இடம் ஒன்று இருந்தால் இன்னும் ஐந்து. முதல் ஆள் ஏறி முடிக்கும்வரை கடைசி ஆள் குளிரில் நிற்கிறார். குகைக்குள் வருடம் முழுக்க 8 அல்லது 9 டிகிரிதான்.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். முன்னறிவிப்பு மாலை 3 மணிக்கு மழை என்கிறது. அது இரண்டு மணி நேரம் முந்தி வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 1 மணிக்குக் கடைசி ஆள் வெளியே நிற்க வேண்டும். கீழிருந்து கிளம்ப வேண்டியது 10.30. கீழே போய்ச் சேர வேண்டியது 10.10. முதல் ஆள் கயிற்றில் இறங்கத் தொடங்க வேண்டியது காலை 8.10. உடை மாற்றவும் நடக்கவும் ஒரு மணி நேரம் போட்டால், வண்டியை 7.10-க்கு நிறுத்தியிருக்க வேண்டும். பத்து மணிக்கு வந்து நின்றுகொண்டு 'மழைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறதே' என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். அன்றைக்கு ஓடைக்குகை முடிந்துபோன கதை. செல் கில்லுக்குப் போகலாம், அல்லது முதல் இறக்கம் மட்டும் இறங்கி ஏறலாம். அதுவும் நல்ல நாள்தான்.

கீழிருந்து கிளம்பும் நேரத்தை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நேரம் வந்ததும், எங்கே நின்றாலும், கடைசி இறக்கம் பாக்கியிருந்தாலும் திரும்ப வேண்டும். தலைவர் மனசு மாறலாம், கடிகாரம் மாறாது.

கயிறு விஷயத்தில் ஈர நாளுக்கென்று சில கவனங்கள். புதியவர்களுக்கு 10 மி.மீ. அல்லது 10.5 மி.மீ. அதிகம் நீளாத கயிறே நல்லது. 9 மி.மீ. எடை குறைவு என்பது உண்மை, ஆனால் நனைந்த புதுக்கயிறு, இறங்கும் கருவியான டிசெண்டரில் வழுக்கிக்கொண்டு ஓடும். புதுக்கயிற்றை முதலில் ஊறவைத்துக் காயவையுங்கள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து மீட்டர் சுருங்கும். சுருங்கிய பிறகு அளந்து நுனியில் அடையாளம் போடுங்கள். கடையில் 40 மீட்டர் என்று வாங்கியதை நம்பி இறங்கியவர் தரைக்கு இரண்டு மீட்டர் மேலே நிற்பார்.

நீளக் கணக்கு இப்படி: 25 மீட்டர் இறக்கத்துக்கு, விளிம்புவரை போகும் கைப்பிடிக் கயிறு 5 மீட்டர், பாறையில் பதித்த பிடிகளான ஆங்கர் இரண்டில் ஒய் வடிவில் போடும் ஒய்-ஹேங்குக்கும் முடிச்சுகளுக்கும் 4, இறக்கத்தின் நடுவில் கயிற்றை மறுபடி கட்டும் நடு ஆங்கர் இருந்தால் அதன் தொய்வுக்கு 1½, கீழே மிச்சம் 2. மொத்தம் 37½, 40 கொண்டுபோகலாம். கயிற்றின் நுனியிலிருந்து ஒரு மீட்டர் விட்டுத் தடுப்பு முடிச்சு கட்டாமல் கயிற்றைக் கீழே விடவே கூடாது. ஒய்-ஹேங்கின் கோணம் 90 டிகிரிக்குள் இருக்கட்டும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு ஆங்கரிலும் முழு எடையும் விழுகிறது, இரண்டு போட்டதன் பலன் போய்விடுகிறது. ஆங்கர்கள் எங்கே இருக்கின்றன, எந்த இறக்கத்துக்கு எவ்வளவு கயிறு என்று காட்டும் வரைபடங்களை வடக்கு இங்கிலாந்து குகைச் சங்கங்களின் மன்றமான சி.என்.சி.சி. வெளியிடுகிறது. செல் கில் போனாலும் லங்காஸ்டர் ஹோல் போனாலும் அந்தப் படத்தை நனையாத உறைக்குள் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

இன்னொன்று, பலர் சோம்பல்படுவது. புதியவர் ஒருவர் பாதி வழியில் மாட்டிக்கொண்டால் மேலிருந்தே அவரை இறக்கிவிடும்படி கயிற்றைக் கட்ட முடியும். மேல் ஆங்கரில் நிரந்தர முடிச்சுக்குப் பதிலாக கயிற்றை மெல்ல விட்டுக்கொடுக்கக்கூடிய இத்தாலியன் ஹிட்ச் முடிச்சைப் போட்டுப் பூட்டி, மீதிக் கயிற்றைப் பக்கத்தில் வையுங்கள். தேவைப்பட்டால் பூட்டை அவிழ்த்து, எடையோடேயே மெதுவாக இறக்கலாம். கயிறு இரண்டு மடங்கு வேண்டும். 25 மீட்டருக்கு 60 மீட்டராவது. மூட்டை கனக்கும்தான். ஆனால் தொங்குபவரின் மேல் அருவிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அந்தக் கனத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உடம்பில் கட்டும் பட்டையான ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவர் சில நிமிடங்களிலேயே மயங்கக்கூடும். ஒருவர் இறங்கிப் போய் எடுத்து வருவதைவிட மேலிருந்து இறக்கிவிடுவது வேகம். நடு ஆங்கரைத் தாண்டிக் கீழே தொங்குகிறவருக்கு இந்த வித்தை பலிக்காது. ஆகவே புதியவர்கள் வரும் நாளில், கயிறு பாறையில் உரசாதவரை, நடு ஆங்கருக்குப் பதில் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் டீவியேஷன் போட்டால் நல்லது. கடந்து போவதும் சுலபம்: இறங்கும்போது அதன் கொக்கியான கேரபினரைக் கழற்றி டிசெண்டருக்கு மேலே மாட்ட வேண்டும், ஏறும்போது, கயிற்றைக் கவ்வி ஏற உதவும் மார்பு ஜாமருக்குக் கீழே.

நடு ஆங்கரைக் கடக்கத்தான் வேண்டும் என்றால் அதைப் பயிற்சியிலேயே தீர்த்துவிடுங்கள். மரக்கிளையோ உள்ளரங்கச் சுவரோ போதும். ஆங்கர் இடுப்பு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, ஹார்னஸிலிருந்து வரும் பாதுகாப்புக் கயிறுகளில் குட்டைக் கவ்ஸ்டெயிலை மாட்டி, அதில் எடையைப் போட்டு, நீளக் கவ்ஸ்டெயிலையும் மாட்ட வேண்டும். பிறகு டிசெண்டரைக் கீழ்க்கயிற்றில் முடிச்சுக்கு மிக அருகில் கோத்துப் பூட்ட வேண்டும். தொய்வு வளையத்தில் கால் வைத்து எழுந்து குட்டைக் கவ்ஸ்டெயிலைக் கழற்றி, டிசெண்டரில் எடையைப் போட்டுப் பார்த்த பிறகே நீளமானதைக் கழற்ற வேண்டும். எல்லோரும் செய்கிற பிழை, ஆங்கரைத் தாண்டி அரையடி கீழே போய்விடுவது. கவ்ஸ்டெயில் விறைத்துக்கொள்ளும்; கழற்ற வராது. பயிற்சியில் மூன்று நிமிடத்துக்குள் இதைச் செய்ய முடியாதவரை அன்று நடு ஆங்கர் உள்ள இறக்கத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். உலர்ந்த மரத்தடியில் மூன்று நிமிடம் என்பது, விரல் மரத்துப்போன கைக்கு எட்டு நிமிடம்.

கைப்பிடியை அழுத்தினால் ஓடுகிற வகை டிசெண்டர்களில் இன்னொரு ஆபத்து. பயந்தவர் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார். அது கைப்பிடியாக இருந்தால் இன்னும் வேகமாக இறங்குவார். பிரேக் கேரபினர் வழியாகக் கயிறு போகாமல் யாரும் இறங்கக் கூடாது. வலது கை கீழ்க்கயிற்றை விடவே கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள். முதல் இறக்கத்தில் கீழே நிற்பவர் கயிற்று நுனியைக் கையில் வைத்திருக்கட்டும். மேலே இருப்பவர் வேகமெடுத்தால் அதை இழுத்தாலே அவர் நின்றுவிடுவார்.

ஏறுவதில் பாதிக் களைப்பு ஹார்னஸ் சரியில்லாததால் வருவது. மார்புப் பட்டை தளர்ந்திருந்தால் உடல் பின்னால் சாய்ந்து, கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யும். கால் வளையத்தில் நேராக நின்றால் கைஜாமர் மார்பு ஜாமருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நீளம். முதல் சில மீட்டருக்குக் கீழே கயிற்றெடை இல்லாததால் மார்பு ஜாமர் கயிற்றோடு மேலே நகராது. கீழே ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். சேறு அப்பிய கயிற்றில் ஜாமரின் பற்கள் அடைத்து வழுக்கத் தொடங்கும். அதற்குப் பழைய பல்துலக்கி ஒன்றைச் சரட்டில் கட்டி ஹார்னஸில் தொங்கவிட்டால் போதும். இரண்டு தேய்ப்பில் பற்கள் மறுபடி கடிக்கும்.

உடையில் பருத்தி ஒரு இழைகூட வேண்டாம். ஃபர் எனப்படும் செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் கனத்த மேலுடை, வெல்லி எனப்படும் ரப்பர் பூட்ஸ், மாற்று விளக்கு. குழுவுக்கு ஒரு கூடாரப்பை. நான்கைந்து பேர் அதற்குள் ஒண்டி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சூடு வரும். அருவி விழும் கூடத்தில் தண்ணீர் மேலே படாவிட்டாலும் அது கிளப்பும் காற்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காத்திருப்பவர்களைச் சாரலுக்கும் கல் விழும் இடத்துக்கும் விலக்கி மூலையில் உட்காரவையுங்கள். அருவி இரைச்சலில் பேச்சு கேட்காது, விசில்தான். இங்கே பழக்கம்: ஒன்று நில், இரண்டு மேலே, மூன்று கீழே. 'கயிறு காலி' என்பதற்கு உங்களுக்குள் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனபிறகும் வானிலையைப் பார்க்க வழி உண்டு. ஓடை விளிம்பில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பாருங்கள். கல் மூழ்கினால் கிளம்ப வேண்டும். தண்ணீர் தேயிலை நிறத்துக்கு மாறுவது, நுரை மிதப்பது, புல்லும் சுள்ளியும் வருவது, இரைச்சலின் சுருதி தாழ்ந்து கனப்பது எல்லாம் அதே செய்தி. இறங்கும்போதே சுவரைப் பாருங்கள். தலைக்கு மேலே பாறை இடுக்கில் புல் செருகியிருந்தால், காய்ந்த நுரை ஒட்டியிருந்தால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது.

மாட்டிக்கொண்டுவிட்டால், கொட்டுகிற இறக்கத்தில் ஏறி வெளியேற முயல வேண்டாம். வெள்ள அடையாளங்களுக்கு மேலே உயரமான இடத்தைப் பிடித்து, கூடாரப்பைக்குள் ஒண்டிக் காத்திருங்கள். சின்ன ஓடைகள் ஏறுகிற வேகத்திலேயே, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மேலே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் தகவல் சொல்லிவிட்டுப் போவது. குகையின் பெயர், எந்த வாசல், எத்தனை பேர், வண்டி நிற்கும் இடம், வெளியே வரும் நேரம், எந்த நேரத்துக்கு மேல் உதவி கூப்பிட வேண்டும் என்பதை ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். நேரம் தாண்டினால் 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, குகை மீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். இங்கிள்பரோ பகுதிக்கு வருவது கிளாபமில் இருக்கும் கேவ் ரெஸ்க்யூ ஆர்கனைசேஷன். 1935-இல் தொடங்கியது, எல்லோரும் தன்னார்வலர்கள். குகைத் திட்டம் வாசலில் மாறினால், ஆலம் பாட் என்று சொல்லிவிட்டு செல் கில்லுக்குப் போனால், இறங்குமுன் அந்த ஆளுக்குச் சொல்லியாக வேண்டும். சிக்னல் இல்லையென்றால் கிடைக்கும் இடம்வரை ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

திரும்பி வெளியே வந்ததும், ஈர உடையைக் கழற்றுவதற்கு முன்னால், கடைசி ஆளும் கயிறும் மேலே வந்துவிட்டதை எண்ணிப் பார்த்துவிட்டு, அதே ஆளுக்கு 'வந்துவிட்டோம்' என்று செய்தி அனுப்புங்கள். தேநீர் அதற்குப் பிறகு.